தாத்தா படித்த ‘வலே’

2025 தைப்பூசத்தன்று காலை. சிகாமட்டில் எங்கள் தாமான் இளைஞர்கள் கோயிலுக்குப் போகும் சாலையோரம் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மோர், இன்னொரு பக்கம் சிராப் தண்ணீர். பந்தலின் முகப்பில் பத்தடி நீளத்துக்கு ஒரு பேனர். தோகை விரித்த மயில், நடுவில் வேல், அதைச் சுற்றிப் பொன்னிற ஒளி. மேலே தமிழில் ஒரு வரி, கீழே மலாயில் ஒரு வரி, அதற்கும் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்தப் பேனரைச் செய்தது நான்.

அப்போது நான் கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் வரைகலை வடிவமைப்பு டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது செமஸ்டர். நான் செய்த வேலை ஒன்று கணினித் திரையை விட்டு வெளியே வந்து, நாலு பேர் பார்க்கும்படி காற்றில் ஆடி நின்றது அதுதான் முதல் தடவை. முதல் நாள் மாலையே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். பாராட்டு வந்து குவிந்தது.

காலையில் தாத்தாவை அழைத்துக்கொண்டு போனேன். அவருக்கு 81 வயது. சிகாமட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு டவுனுக்கு வந்தவர். தினமும் காலையில் கோப்பியோடு தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை படிப்பவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேனர் முன்னால் நின்றார். ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தார்.

“வ... றெ... றி. வ... லே. வலேவா? அப்படின்னா என்னம்மா?”

எனக்குப் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். ‘வெற்றிவேல்’ என்று இருக்க வேண்டிய இடம். முதல் ‘வெ’யில் வகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் றகரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ‘வே’யின் இரட்டைக்கொம்பு அதேபோல் லகரத்தின் மேல் சாய்ந்துவிட்டது. தாத்தா தப்பாகப் படிக்கவில்லை. அங்கே இருந்ததை அப்படியே படித்தார்.

அந்தப் பேனர் முதல் நாள் மாலையிலிருந்து அங்கே தொங்கியது. எத்தனையோ பேர் அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படம் கிடைத்த சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். ஒருவர்கூட எதுவும் சொல்லவில்லை. பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்களா, பார்க்கவே இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தாத்தா திட்டவில்லை. “முருகனுக்குப் புரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டு மோர் வாங்கிக் குடித்தார். திட்டியிருந்தால் தேவலை. பந்தல் வேலை பார்த்த அண்ணன்கள் ஏணி கொண்டுவந்து, மாவிலைத் தோரணத்தை இரண்டு சாண் கீழே இறக்கிக் கட்டி, அந்த வரியை மறைத்தார்கள். அன்று முழுக்க அந்தத் தோரணத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டுரியான் முள்ளும் பேனாக் கருவியும்

கல்லூரியில் சேரும்போது எனக்குக் கணினியில் படம் வரையத் தெரியும் என்று நினைத்திருந்தேன். கைப்பேசியில் பிறந்தநாள் வாழ்த்து செய்வேன். பள்ளியில் ஆசிரியர் தின அட்டை செய்து பரிசு வாங்கியிருக்கிறேன். முதல் வாரத்திலேயே அந்த நினைப்பு போய்விட்டது.

முதலில் ஃபோட்டோஷாப். அமெரிக்காவில் தாமஸ் நோல் என்ற ஆராய்ச்சி மாணவர் 1987-இல் தம் கணினியில் கறுப்பு வெள்ளைப் படங்களைக் காட்ட எழுதிய சின்ன நிரலில் தொடங்கியது அது. திரைப்படத் தந்திரக் காட்சிகள் செய்யும் நிறுவனத்தில் இருந்த அவருடைய தம்பி ஜான் நோலும் சேர்ந்துகொள்ள, 1990-இல் அது விற்பனைக்கு வந்தது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல் படத்தை அடுக்கடுக்காகப் பிரித்து வேலை செய்யும் வசதி 1994-இல்தான் சேர்ந்தது. இன்று அந்த அடுக்குகள் இல்லாமல் எங்களுக்கு ஒரு வேலையும் ஓடாது. மயில் ஓர் அடுக்கு, தோகை ஓர் அடுக்கு, வேல் ஓர் அடுக்கு. ஒன்றைத் தொட்டால் மற்றது கலையாது.

அடுத்து இல்லஸ்ட்ரேட்டர். இதில் எல்லாரையும் அழவைப்பது பேனாக் கருவி. கோடு இழுப்பது என்றால் கையை ஓட்டினால் போதும் என்று நினைப்போம். அது அப்படி இல்லை. ஒரு புள்ளி வைக்க வேண்டும், தள்ளி இன்னொரு புள்ளி வைக்க வேண்டும், இரண்டிலும் முளைக்கும் பிடிகளை இழுத்து நடுவிலுள்ள வளைவைச் சரிசெய்ய வேண்டும். பிரான்ஸில் ரெனோ கார் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பியர் பெசியே, 1960-களில் காரின் உடல் வளைவுகளை வரையப் பயன்படுத்திய கணக்கு முறை அது. கார் கதவுக்கு வந்த வளைவுதான் இன்று எழுத்துகளுக்கும் சின்னங்களுக்கும் உதவுகிறது.

அந்தக் கருவியில் எனக்குக் கொடுத்த முதல் பயிற்சி: உங்கள் ஊரின் அடையாளம் ஒன்றை வரையுங்கள். சிகாமட் என்றால் வேறு என்ன, டுரியான்தான். தெரியாமல் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு முள்ளுக்கும் மூன்று புள்ளி. இரண்டு வாரம் ஆனது. முதலில் வரைந்தது கடல் முள்ளெலி போல் இருந்தது. பாட்டி உயிரோடு இருந்தபோது வாசலில் சிக்குக் கோலம் போடுவார். புள்ளியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும் அவர் கோடு. நான் புள்ளியின் மேலேயே கோட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். எத்தனை புள்ளியைக் குறைக்கிறோமோ அவ்வளவுக்கு வளைவு அழகாக வரும் என்பது கடைசி இரண்டு நாளில்தான் விளங்கியது.

தாத்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் பால் வெட்டும் கத்தியைப் பற்றிப் பேசினார். “கத்தி எல்லாருக்கும் ஒரே கத்திதாம்மா. பட்டையில எவ்வளவு ஆழம் போகலாம்னு கைக்குத் தெரியணும். கொஞ்சம் ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். மேலோட்டமா வெட்டுனா பால் வராது.” நான் தலையாட்டினேன். புரிந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

மூன்று தடவை பார்த்த வரியும் பார்க்காத வரியும்

பந்தல் பேனருக்குத் திரும்புகிறேன். தப்பு எப்படி நடந்தது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன்.

மலாய் வரியை மூன்று தடவை சரிபார்த்தேன். ஆங்கில வரியில் ஒரு காற்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று தோழியிடம் கேட்டேன். தமிழ் வரியைக் கைப்பேசியில் தட்டி, வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி, கணினியில் எடுத்து ஒட்டினேன். ஒட்டியவுடன் அதற்குப் பொன்னிறம் கொடுத்தேன், கறுப்பு விளிம்பு கொடுத்தேன், நிழல் கொடுத்தேன், வில்போல் வளைத்தேன். ஒன்றரை மணி நேரம் அந்த ஒரே வரியோடு இருந்தேன். ஒரு தடவைகூட அதைப் படிக்கவில்லை.

எனக்குத் தமிழ் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்றோடு தமிழ்ப் பாடத்தை விட்டேன். வகுப்பு பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்தது, பஸ் கிடைக்கவில்லை, எஸ்.பி.எம்.மில் பாடம் ஒன்று குறைந்தால் நல்லது என்று பல காரணம். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், அது எங்கே போய்விடும் என்று நினைத்தேன். பேச்சு எங்கும் போகவில்லை. எழுத்து மட்டும் எனக்கே தெரியாமல் ஓர் அலங்காரமாக மாறிவிட்டது. மயில், வேல், தமிழ் எழுத்து என்று மூன்றும் என் கண்ணுக்கு ஒரே வகைப் பொருள்களாக இருந்தன.

இதைவிட வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. அதே பேனரைக் கல்லூரியில் பயிற்சி வேலையாகவும் கொடுத்திருந்தேன். எழுத்தமைப்புக்கு ‘ஏ’ வாங்கியிருந்தேன்.

புவானுக்குத் தெரிந்த ஜாவி

தைப்பூச விடுமுறை முடிந்து கல்லூரிக்குப் போனதும், மதிப்பெண் போட்ட விரிவுரையாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் மலாய்க்காரர். புவான் என்றுதான் கூப்பிடுவோம். மதிப்பெண்ணைக் குறைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் படத்தைத் திறந்து வெகு நேரம் பார்த்தார். பிறகு, “எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தத் தவற்றை எனக்கு நன்றாகத் தெரியும்” என்றார்.

ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து ஜாவியில் ஒரு சொல்லை ஒட்டினார். ஜாவி வலமிருந்து இடமாக எழுதுவது. எழுத்துகள் கைகோத்து நிற்க வேண்டும். திரையில் அவை கையை விட்டுவிட்டுத் தனித்தனியாக நின்றன. வரிசையும் தலைகீழாக, இடமிருந்து வலமாக ஓடியது. மலாய் மாணவர்களே இப்படிக் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்றார். ஜாவி படிக்கப் பழகாத பிள்ளைகளுக்கு அது தப்பு என்றே தெரியாதாம்.

பிறகு அமைப்புப் பகுதிக்குள் போய் ஒரு தேர்வைக் காட்டினார். ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’ என்று இருந்தது. மத்தியக் கிழக்கு எழுத்துகளுக்கும் தெற்காசிய எழுத்துகளுக்கும் சேர்த்து ஒரே தேர்வு. அதைச் சொடுக்கியதும் ஜாவி எழுத்துகள் ஓடிவந்து கைகோத்துக்கொண்டன. என் பேனரைத் திறந்து அதே இடத்தில் சொடுக்கினேன். கொம்புகள் இரண்டும் தாவி வகரத்துக்கு முன்னால் வந்து நின்றன. ‘வெற்றிவேல்’.

ஒரே ஒரு சொடுக்கு. ஜாவிக்காக அவர் தேடிக் கண்டுபிடித்தது என் தமிழையும் சரிசெய்தது. அதற்குப் பிறகு புவான் வகுப்பில் ஒரு விதி போட்டார். தமிழோ சீனமோ ஜாவியோ, எந்த மொழி எழுத்து இருந்தாலும் அந்த மொழி படிக்கத் தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகே வேலையைக் கொடுக்க வேண்டும். படித்தவர் பெயரையும் கீழே எழுத வேண்டும்.

கொம்பு ஏன் இடம் மாறுகிறது?

இதே தவற்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடைப் பெயர்ப்பலகையில், பொது அறிவிப்பில், கல்யாண மண்டப வாசலில், டி-சட்டையில். அதன் காரணம் எனக்குச் சுவையாக இருந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

தமிழில் 247 எழுத்து என்று பள்ளியில் படித்தோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. கணினிகள் இன்று பயன்படுத்தும் யூனிகோடு முறையில், 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் 247-க்கும் தனித்தனி இடம் கிடையாது. உயிரெழுத்துகளும், ககரம் முதலான அகர வரிசையும், கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளும் மட்டுமே அங்கே இருக்கின்றன. மற்றவற்றைக் கணினி சேர்த்து உண்டாக்குகிறது.

‘வே’ என்று நாம் தட்டும்போது கணினி முதலில் வகரத்தையும், அதற்குப் பின்னால் இரட்டைக்கொம்பையும் பதிந்துகொள்கிறது. நாம் உச்சரிக்கும் வரிசை அது: முதலில் வகரம், பிறகு ஏகாரம். பார்வைக்கு மட்டும் கொம்பை எடுத்து முன்னால் வைக்க வேண்டும். ‘வோ’ என்றால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் பிரிந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய மென்பொருளுக்குள் ஒரு தனிப் பகுதி இருக்கிறது. அது விழித்திருந்தால் எழுத்து சரியாக வரும். தூங்கினால் பதிந்த வரிசையிலேயே எழுத்துகள் வந்து விழும். கொம்பு அடுத்த எழுத்தின் தலையில் ஏறும். ‘வேல்’ ‘வலே’ ஆகும்.

கைப்பேசியில் தமிழ் சரியாகத் தெரிகிறதே என்று கேட்கலாம். அது யாரோ செய்து வைத்த வேலை. அதில் நம் நாட்டவர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை இந்தப் பேனர் விவகாரத்துக்குப் பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன். முத்து நெடுமாறன், 1980-களிலேயே கணினியில் தமிழ் எழுதும் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கியவர். கைப்பேசியில் தமிழ் தட்ட உதவும் ‘செல்லினம்’ 2005-இல் வந்தது. ஆப்பிள் கணினிகளில் ‘தமிழ் எம்என்’ என்ற எழுத்துரு இருக்கும். எம்என் என்பது அவர் பெயரின் ஆங்கிலத் தலைப்பெழுத்துகள். தமிழோடு நில்லாமல் சிங்களம், வங்காளம் போன்ற மொழிகளுக்கும் அவர் வடித்த எழுத்துருக்கள் அந்தக் கணினிகளில் இருக்கின்றன. நான் அந்த வரியைத் தட்டியதே செல்லினத்தில்தான். அங்கே சரியாக இருந்ததை எடுத்து வந்து, என் கவனக்குறைவால் உடைத்துப் பத்தடிக்குப் பெரிதாக்கியிருக்கிறேன்.

அச்சுக்கடை அங்கிள்

சிகாமட்டில் பேனர் அடித்த கடைக்கும் போனேன். கடைக்காரர் சீனர், அங்கிள் என்போம். கோபித்துக்கொள்ளப் போகவில்லை, தெரிந்துகொள்ளத்தான் போனேன். அவர் மலாயில் சொன்னது எனக்குக் கல்லூரிப் பாடத்துக்குச் சமம்.

தமிழ் வேலை வந்தால் அவருக்கு இரண்டு பயம். ஒன்று, வாட்ஸ்அப்பில் வரும் எழுத்தை எடுத்து அவர் மென்பொருளில் ஒட்டும்போது அது உடைந்தாலும் அவருக்குத் தெரியாது. இரண்டு, எழுத்துரு. வாடிக்கையாளர் கணினியில் இருக்கும் எழுத்துரு அவர் கணினியில் இல்லையென்றால் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். யூனிகோடு வருவதற்கு முன்னால் வந்த பழைய தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையில் அமைந்தவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருப்பார்கள். அதில் செய்த வேலையை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

அதனால் அங்கிள் கேட்பது: எழுத்தை எழுத்தாக அனுப்பாதே, கோடாக மாற்றி அனுப்பு. ‘அவுட்லைன்’ என்பார்கள். அப்படி மாற்றிவிட்டால் எந்தக் கணினியிலும் உருவம் மாறாது. ஆனால் அதற்குப் பிறகு அது எழுத்து இல்லை, படம். ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் தட்டித் திருத்த முடியாது. எனவே கோடாக மாற்றுவதற்கு முன்னால் படிக்க வேண்டும். அச்சுக்குப் போகுமுன் அவர் அனுப்பும் மாதிரிப் படத்தையும் படிக்க வேண்டும். “பெரும்பாலும் ஆட்கள் படம் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ‘ஓகே’ போடுகிறார்கள்” என்றார். நானும் அப்படித்தான் போட்டேன். அவர் எனக்கு மாதிரி அனுப்பி, நான் ‘ஓகே’ போட்ட செய்தி இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் மயிலும் வேலும் ஒரு நிமிடத்தில் வந்துவிடுகின்றன. எங்கள் வகுப்பில் பலருக்கும், படித்து முடிக்கும்போது வேலை இருக்குமா என்ற கவலை உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் அப்படி வரும் படங்களுக்குள் தமிழ் இருந்தால் உற்றுப் பாருங்கள். பல நேரம் தமிழ்போலத் தெரியும், படிக்க முடியாது. கருவி எவ்வளவு வேகமாகப் போனாலும், கடைசியில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அதன் முன்னால் நின்று படித்தாக வேண்டும். அந்த வேலைக்கு எங்கள் கல்லூரியில் பாடம் கிடையாது. நான் இப்போது தினமும் பத்திரிகையில் ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கிறேன்.

பாட்டிக்கு ஒரு ‘ணை’

2025 மார்ச்சில் ஈ.டி.எஸ். ரயில் சிகாமட் வரை வரத் தொடங்கியது. பஸ்ஸில் வந்துகொண்டிருந்த நான் இப்போது ரயிலில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு வருகிறேன். ஆகஸ்டு மாதம் அப்படி வந்தபோது வீட்டில் எனக்கு ஒரு வேலை காத்திருந்தது. செப்டம்பரில் பாட்டி மறைந்து மூன்றாம் ஆண்டு. பத்திரிகையில் நினைவஞ்சலி போட வேண்டும். அம்மா வெளியில் கொடுத்துச் செய்யலாம் என்றார். தாத்தா, “அவ செய்யட்டும்” என்றார். தைப்பூசத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய விஷயம்.

வாசகத்தை அவரே பள்ளிக்கூடக் கோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். மூன்றே வரி. நான் தட்டி, கொம்புகள் சரியாக நிற்கின்றனவா என்று பார்த்து, அவருக்குப் படித்துக் காட்டினேன். ‘வாழ்க்கை துணை’ என்று தட்டியிருந்தேன். “நடுவுல ‘த்’ எங்க?” என்றார். அவர் தாளில் இருந்தது, நான்தான் விட்டிருந்தேன். சேர்த்தேன்.

பிறகு திரையில் ‘துணை’ என்ற சொல்லில் விரலை வைத்தார். “இது நான் எழுதுன ‘ணை’ இல்ல.”

அவர் தாளைப் பார்த்தேன். ணகரத்தின் தலையில் யானைத் துதிக்கை போல் வளைந்து தொங்கும் பழைய ‘ணை’. பெரியார் 1935-லேயே தம் ‘குடி அரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். தமிழ்நாடு அரசு 1978-இல் அதை ஏற்று ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. நம் பள்ளிகளுக்கும் பின்னர் புது வடிவம்தான் வந்தது. தட்டெழுதுவதற்கும் அச்சுக் கோப்பதற்கும் அது எளிது. நான் பழைய வடிவத்தைப் பள்ளியில் பார்த்ததே இல்லை. “இப்ப இப்படித்தான் தாத்தா எழுதணும்” என்றேன்.

“தெரியும்மா. பத்திரிகையில தினமும் பார்க்கிறேனே. ஆனா உன் பாட்டி இப்படித்தான் எழுதுவா.”

மடிக்கணினியில் இருந்த எழுத்துருக்களை எல்லாம் புரட்டினேன். எதிலும் அந்தத் துதிக்கை இல்லை. தாத்தாவிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, அந்த ஒரே எழுத்தைப் பெரிதாக எழுதித் தரச் சொன்னேன். கை நடுங்கியது. நாலு தடவை எழுதி, நாலாவதைக் கொடுத்தார். கைப்பேசியில் படம் எடுத்து, கணினியில் ஏற்றி, அதன்மேல் பேனாக் கருவியை வைத்தேன். டுரியானுக்கு நூற்றுக்கணக்கில் புள்ளி வைத்த கை, இதற்கு ஏழு புள்ளியோடு நின்றது. நடுக்கத்தை எடுத்துவிட்டு வளைவை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்ற எழுத்துகளின் தடிமனுக்கு ஏற்றபடி அதையும் தடித்து, புது ‘ணை’யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தேன்.

அதற்கிடையில் 24-ஆம் தேதி காலை சிகாமட்டில் நிலம் அதிர்ந்தது. ஊரெல்லாம் அதையே பேசிக்கொண்டிருந்த அன்று மாலை, நான் அச்சடித்து எடுத்து வந்த மாதிரித் தாளைத் தாத்தா வாசல் நாற்காலியில் உட்கார்ந்து வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பாட்டியின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விரலை முதல் எழுத்தில் வைத்து, வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வரியும் முடிந்தன. எந்த இடத்திலும் அவர் நிற்கவில்லை.